ஆண்டோரும் ஆளப்பட்டோரும்: வடசென்னைக் காலனிய வரலாற்றில் அயர்லாந்தினரின் இடம் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

அயர்லாந்து, பிரித்தானியப் பேரரசால் ஆளப்பட்ட நாடு. அதே வேளையில் அப்பேரரசுக்குப் படைவீரரையும் பொறியாளரையும் குருமாரையும் வழங்கிய நாடு. தமிழில் எழுதப்பெறும் சென்னை வரலாறு முதல் நிலையையே பெரிதும் நினைவிற்கொள்கிறது. அன்னிபெசன்ட், நிவேதிதை போன்றோர் அயர்லாந்தினராகப் போற்றப்படுகின்றனர். படைத்தலைவர்களும் ஆயர்களும் துறைமுகப் பொறியாளரும் ‘வெள்ளையர்’ என்னும் பொதுப்பெயருள் அடங்கிவிடுகின்றனர். இப்பெயரிடல் முறையின் குறைபாட்டை இக்கட்டுரை வடசென்னைச் சான்றுகளைக் கொண்டு திறனாய்கிறது. பிறப்பையோ சமயத்தையோ அளவுகோலாகக் கொள்வதைவிட, ஒருவர் எந்நிறுவனத்தின் வழி வந்தார், இங்கு எதை விட்டுச் சென்றார் என்று கேட்பதே பொருத்தமானது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அயர்லாந்தினர், வடசென்னை, இராயபுரம், சென்னைத் துறைமுகம், காலனியம், தன்னாட்சி இயக்கம், கடலரிப்பு.

முன்னுரை

வடசென்னை குறித்த ஆய்வுகளில் ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், ஆர்மீனியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் தனித்தனியே பேசப்பட்டுள்ளனர். அயர்லாந்தினர் அவ்வாறு பேசப்படவில்லை. அவர்கள் இங்கு இல்லாமற்போனது இதற்குக் காரணம் அன்று. எங்கும் கலந்திருந்ததே காரணம். கறுப்பர் நகரத்தை முற்றுகையிட்ட படையிலும், அதற்கு எதிர்நின்ற கும்பினியின் படையிலும், ஆர்மீனியன் தெரு ஆயர் இல்லத்திலும், துறைமுக அலுவலகத்திலும் அவர்கள் இருந்தனர். ஒரே இடத்தில் குடியேறித் தெருவும் கோவிலும் கண்ட இனமாக அவர்கள் இல்லாமையால், ‘குடியேற்றம்’ என்னும் சொல்லே அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. பதவியும் பணியும் முடிந்ததும் பலர் திரும்பினர். சிலர் கல்லறையில் தங்கினர். எனினும் அவர்கள் விட்டுச்சென்ற நிறுவனங்களும் கட்டுமானங்களும் இன்றும் இப்பகுதி மக்களின் வாழ்வை நிர்ணயிக்கின்றன. ஆதலின் அயர்லாந்தினரை எவ்வாறு மதிப்பிடுவது என்பது வடசென்னையின் நிகழ்காலத்தோடும் தொடர்புடைய வினா.

ஒப்புமை வாதமும் அதன் அடிப்படையும்

இந்தியாவும் அயர்லாந்தும் ஒரே ஆட்சியால் வருந்தியவை. ஆகவே அயர்லாந்தினர் இந்தியரின் இயல்பான தோழர் என்பது தேசிய இயக்கக் காலத்தில் வேரூன்றிய கருத்து. இதனை ஒப்புமை வாதம் எனலாம். இது வெறும் உணர்ச்சியில் எழுந்தது அன்று. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நிலவிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர்; ஏறத்தாழ அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அப்பஞ்ச நிவாரணத்தை இலண்டன் கருவூலத்திலிருந்து மேற்பார்வையிட்டு, அரசு உதவியைச் சுருக்கியதற்காக அயர்லாந்தில் இன்றும் கடிந்து நினைக்கப்படும் சார்லஸ் டிரெவெலியன் 1859இல் சென்னை ஆளுநரானார். சென்னையிலோ அவர் பெயர் மக்கள் பூங்காவை அமைத்தவர் என்றே நினைவுகூரப்படுகிறது. ஒரே அலுவலர் ஒரு நாட்டில் பஞ்சத்தின் முகமாகவும் மற்றொரு நாட்டில் பூங்காவின் முகமாகவும் நிற்பது, இரு நாடுகளும் ஒரே நிர்வாகப் பின்னலுக்குள் இருந்தமைக்குத் தெளிவான சான்று.

ஆயினும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தமை ஒன்று. ஒரே நிலையில் இருந்தமை வேறொன்று. 1830ஆம் ஆண்டளவில் பிரித்தானியப் படையின் சாதாரண வீரருள் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் அயர்லாந்தினர். பிரித்தானியத் தீவுகளின் மக்கள்தொகையில் அவர்களுக்கிருந்த பங்கைவிட இது மிகுதி. வறுமையே அவர்களைப் படைக்கு அனுப்பியது. அப்படையே பிறர் நாட்டைப் பிடித்தது. ஒப்புமை வாதம் இவற்றுள் முதற்செய்தியை ஏற்று இரண்டாவதை விட்டுவிடுகிறது.

பெயரிடலின் முரண்

இவ்விடுபடுதல் பெயரிடும் முறையிலேயே தொடங்குகிறது. அன்னிபெசன்ட் இலண்டனில் பிறந்தவர். தாய்வழியிலும் தந்தைவழியிலும் அமைந்த அயர்லாந்துத் தொடர்பைத் தம் அடையாளமாக வலியுறுத்தியவர். தமிழ் நூல்கள் அவரை ‘அயர்லாந்துப் பெண்மணி’ என அறிமுகப்படுத்துகின்றன. சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அயர்லாந்தில் பிறந்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்றவர். அவரோ ‘ஆங்கிலேய அதிகாரி’ எனப்படுகிறார். வந்தவாசிப் போரில் வென்ற அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியினர். பாடநூல்களில் அவர் ஆங்கிலத் தளபதி மட்டுமே. ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் 1814இல் பிறந்த கால்டுவெல், எழுதுவோரின் நோக்கிற்கேற்ப அயர்லாந்தினராகவும் ஸ்காட்லாந்தினராகவும் மாறி மாறிக் குறிக்கப்படுகிறார்.

இவற்றை ஒருங்கு நோக்கின் ஒரு விதி புலப்படுகிறது. நன்மை செய்தவராகக் கருதப்படுபவர் அயர்லாந்தினர். அதிகாரம் செலுத்தியவர் ஆங்கிலேயர். இவ்விதி பிறப்பிடத்தைக் குறிப்பதாகத் தோன்றினும், மெய்யாகக் குறிப்பது தமிழரின் மதிப்பீட்டையே. ‘அயர்லாந்தினர்’ என்னும் சொல் இங்கு ஓர் இனப்பெயராக இல்லாமல் நற்சான்றாக மாறிவிட்டது.

பெயர் வேறொரு வழியிலும் மறைவதுண்டு. 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட் பூர்க், அயர்லாந்தின் மீத் பகுதியினர். அவர் ஏற்ற ‘கானமாரா’ என்னும் பிரபுப் பட்டம் அயர்லாந்தின் மேற்குக் கரையோரப் பகுதி ஒன்றின் பெயர். 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர்ப் பொதுநூலகத்தின் பெயராக அது தமிழில் ‘கன்னிமாரா’ ஆயிற்று. கன்னிமாரை வழிபடும் மக்களின் நாவில் அது அயற்சொல்லாகவே ஒலிக்கவில்லை. மொழி ஒரு பெயரைத் தன்வயமாக்குவது இயல்பு. ஆய்வும் அதைப் போலவே மறந்துவிடுதல் தகாது.

முற்றுகையும் மதிலும்

வடசென்னையின் நில அமைப்பில் அயர்லாந்தினரின் முதற் பெருந்தடம் போரினால் ஏற்பட்டது. 1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றிப் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்தடைந்ததும் முற்றுகை கைவிடப்பட்டது. லாலி பிரான்சில் பிறந்தவர். அவர் தந்தையோ அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்து வெளியேறிப் பிரெஞ்சு அரசின் அயர்லாந்துப் படைப்பிரிவில் சேர்ந்த கத்தோலிக்கர். 1760 சனவரி 22இல் வந்தவாசியில் லாலியை வென்ற அயர் கூட், அயர்லாந்தில் நிலவுடைமை பெற்ற சீர்திருத்தச் சபைக் குடும்பத்தவர். ஒரே தீவின் உள்நாட்டுப் பிளவு, தமிழ் நிலத்தில் இரு பேரரசுகளின் போராக வெளிப்பட்டது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் லாலி பிரெஞ்சுத் தளபதியாகவே இடம்பெறுகிறார். இது பிழையன்று. கொள்ளையிடப்பட்ட ஊராருக்குக் கொள்ளையிட்டவரின் மூதாதையர் நாடு பொருட்டாவதில்லை. லாலியின் முற்றுகையும் பின்னர் ஐதர் அலியின் படையெடுப்பும் தந்த அச்சத்தால் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுந்தது. அதன் நினைவு வால்டாக்ஸ் சாலை என்னும் பெயரில் இன்றும் உள்ளது. மதிலுக்கு உட்பட்ட நகரம், மதிலுக்கு அப்பாற்பட்ட வடகரை என்னும் பாகுபாடும் அதனால் உறுதிப்பட்டது. இராயபுரம் அவ்வாறு அப்பாற்பட்ட பகுதி.

சென்னையில் உருவான கும்பினியின் ஐரோப்பியப் படைப்பிரிவின் பிற்காலமும் இங்கு நோக்கத்தக்கது. 1857 எழுச்சியை ஒடுக்குவதில் நீல் தலைமையில் பங்கேற்ற ‘மெட்ராஸ் பியூசிலியர்ஸ்’ 1881இல் ‘ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ்’ படையின் முதற்பிரிவாக மாற்றப்பட்டது. அயர்லாந்து தன்னுரிமை பெற்ற 1922இல் அது கலைக்கப்பட்டது. 1927இல் நீல் சிலையை அகற்றக் கோரிச் சென்னையில் அறப்போர் நடந்தது. அச்சிலைக்குரியவர் ஸ்காட்லாந்தினர், அவர் நடத்திய படையோ பின்னர் டப்ளின் பெயரைத் தாங்கியது. அடக்குமுறையின் வரலாற்றை ஒரு நாட்டின் பெயரால் மட்டும் எழுத இயலாது என்பதற்கு இது போதிய சான்று.

ஆயர்களும் படகோட்டிகளும்

இராயபுரத்தின் இராயப்பர் ஆலயம் 1829இல் குருகுல வம்சத்தாராகிய படகோட்டிகளால் எழுப்பப்பட்டது. துறைமுகமற்ற சென்னைக் கரையில், திரைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே மனிதரையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகுகள் இத்தகையோர் கையில் இருந்தன. அவர்களின் உழைப்பின்றிக் கும்பினியின் வாணிகம் கரை சேர்ந்திருக்காது. ஊர்ப்பெயரையே இராயப்பரோடு இணைத்துரைப்பதும் உண்டு.

அதே 1829இல்தான் பிரித்தானிய நாடாளுமன்றம் கத்தோலிக்கர்க்கு அரசியல் உரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. டேனியல் ஓ’கானல் தலைமையில் அயர்லாந்து மக்கள் நடத்திய போராட்டத்தின் பயன் அது. அடுத்த சில ஆண்டுகளில் உரோமாபுரியின் நேரடி ஆளுகைக்குட்பட்ட சென்னை மறைப்பணித்தளம் அயர்லாந்து ஆயர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1834இல் நியமனம் பெற்ற டேனியல் ஓ’கானர் தொடங்கி, கரியூ, ஜான் ஃபென்னெலி, ஸ்டீபன் ஃபென்னெலி, 1911 வரை பதவியிலிருந்த ஜோசப் கோல்கன் வரை அனைவரும் அயர்லாந்தினர். கோல்கன் 1886இல் சென்னையின் முதற் பேராயரானார். ஆங்கிலம் பேசும் கத்தோலிக்க வீரர்க்கு ஆங்கிலம் பேசும் குருமார் தேவைப்பட்டமை இந்நியமனங்களின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. போர்ச்சுகீசிய அரசின் ஞானாதரவு உரிமையைச் சார்ந்த சாந்தோம் தரப்போடு நிலவிய பூசலில், பிரித்தானியக் குடிமகனாகிய ஆயர் அரசுக்கு ஏற்புடையவராகவும் இருந்தார்.

ஆண்டுகளின் வரிசை ஒரு பொதுக்கருத்தைத் திருத்துகிறது. அயர்லாந்து ஆயர்கள் இராயபுரத்திற்குச் சமயத்தைக் கொண்டுவரவில்லை. அவர்கள் வருமுன்பே படகோட்டிகள் தம் பொருளில் ஆலயம் எழுப்பியிருந்தனர். ஆகவே இங்கு நிகழ்ந்ததை மறைபரப்பு என்பதைவிட மறையாட்சி என்பது தகும். தாயகத்தில் சமய உரிமைக்காகப் போராடிய சமூகத்தின் புதல்வர்கள், இங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்த சமூகத்தின் மீது ஆட்சியுரிமை பெற்றனர். குலத்தாரின் உரிமையும் ஆயரின் அதிகாரமும் எதிரெதிர் நிற்கும் சூழலில், ஆயர் தம் நாட்டில் ஒடுக்கப்பட்டவர் என்னும் செய்தி படகோட்டிக்கு எவ்வகையில் துணையாகும் என்பது ஒப்புமை வாதம் விடைகூறாத வினா.

கல்வியும் மொழியும்

1842 சனவரியில் அயர்லாந்திலிருந்து வந்த காணிக்கை அன்னை சபைச் சகோதரியர் கறுப்பர் நகரத்தில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். கார்க் நகரத்தில் நேனோ நேகிள் 1775இல் நிறுவிய சபை அது. கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைச் சட்டம் தடுத்திருந்த நாளில், மறைவாகப் பள்ளி நடத்தி ஏழைச் சிறுமியர்க்குக் கற்பித்தவர் நேகிள். அத்தகைய சபை சென்னையில் படைவீரர் குழந்தைகளுக்கும் ஆதரவற்றோர்க்கும் கற்பித்ததோடு, காலப்போக்கில் ஆங்கிலவழிக் கல்வியின் தலைமை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இராயபுரத்தில் உள்ள ஆங்கிலோ இந்தியப் பள்ளி தாங்கியுள்ள கெவின் என்னும் பெயர், அயர்லாந்தின் கிளென்டலோ மடத்தை நிறுவிய புனிதருடையது.

இக்கல்வியின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. துறைமுகத்திலும் தொடர்வண்டித் துறையிலும் பணியாற்றிய குடும்பங்களின் பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் அலுவலராகவும் உயர இத்தகைய பள்ளிகள் துணைநின்றன. அதே வேளையில் ஒரு கசப்பான ஒற்றுமையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் சொந்த மொழி பெரும்பாலோர் நாவிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. பள்ளியும் பஞ்சமும் அதனை விரைவுபடுத்தின. தம் மக்களின் மொழி தேய்வதைக் கண்ட தலைமுறையினர், அதைத் தேய்த்த மொழியையே இங்கு முன்னேற்றத்தின் வாயிலாக வழங்கினர். தமிழ் அந்நிலைக்கு ஆளாகவில்லை; ஆனால் ஆங்கிலத்தை உயர்வோடு இணைத்துக் காணும் மனநிலை இராயபுரத்தின் தெருக்களில் வேர்கொண்டதில் இப்பள்ளிகளின் பங்கு தனியாய்வுக்குரியது.

எழுத்தரும் கரையும்

ஒருவரையே இருவகையாக மதிப்பிட நேரும் நிலைக்குப் பிரான்சிஸ் ஸ்பிரிங் தக்க எடுத்துக்காட்டு. இவர் 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அங்குக் கணக்குப்பிரிவு எழுத்தராகச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். மேலதிகாரியும் கணிதம் கற்றவருமாகிய எஸ். நாராயண ஐயர் அவர் திறனை உணர்ந்து ஸ்பிரிங்கிடம் எடுத்துரைத்தார். ஸ்பிரிங் தம் செல்வாக்கைப் பயன்படுத்திப் பல்கலைக்கழகத்தாரிடமும் அரசினரிடமும் பரிந்துரைத்தார். 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித் தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17இல் இராமானுசன் கப்பலேறினார். இவ்வுதவி போற்றத்தக்கது. எனினும், இது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கதையாகச் சொல்லப்படும்போது, முதலில் அறிந்துணர்ந்த நாராயண ஐயரின் இடம் சுருங்கிவிடுகிறது.

ஸ்பிரிங்கின் பெயரை இராமானுசனோடு மட்டும் இணைத்துக் காண்போர் அவருடைய தொழிற்பணியை நோக்குவதில்லை. 1870களின் நடுவில் தொடங்கப்பட்ட துறைமுகச் சுவர்கள் 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டன. கிழக்கு நோக்கியிருந்த வாயிலை மணல் தூர்த்தமையால், ஸ்பிரிங் அதனை மூடி வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். சென்னை ஒழுங்கான துறைமுகமாக நிலைபெற்றது இம்மாற்றத்தினால்தான். ஆற்றுப்போக்கைக் கரையணைகளால் நெறிப்படுத்தும் முறை குறித்து நூலெழுதிய பொறியாளர் அவர். நீரும் மணலும் இயங்கும் வகையை நன்கறிந்தவர்.

இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுள் நீண்ட துறைமுகச் சுவர் அந்நகர்வைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவை அகலப்படுத்தியது. மணல் வரத்தற்ற வடகரை அரிக்கப்பட்டது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான மீனவ ஊர்கள் தம் கரையை இழந்தன. இன்று அங்குக் காணப்படும் கற்குவியல்களும் தூண்டில் வளைவுகளும் அவ்விழப்பை ஈடுசெய்ய எழுந்தவை. துறைமுகம் ஸ்பிரிங்குக்கு முன்பே தொடங்கப்பட்டதாதலின் இப்பழியை அவர் ஒருவர்மீது சுமத்துதல் கூடாது. நகரின் தென்கரை பெற்ற அழகும் வடகரை இழந்த நிலமும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. ஒரு மேதையின் வாழ்வில் ஸ்பிரிங்கின் கை தெரிகிறது. ஓராயிரம் குடும்பங்களின் கரையில் அத்துறைமுகத்தின் கை தெரிகிறது. முன்னதை மட்டும் எழுதும் வரலாறு அரை வரலாறு. திரை கடந்து படகோட்டியவர்களின் தொழிலையும் அதே துறைமுகமே தேவையற்றதாக்கியது.

தன்னாட்சி: அடையாறும் பெரம்பூரும்

1916 செப்டம்பரில் அன்னிபெசன்ட் தொடங்கிய ‘ஓம் ரூல்’ இயக்கம் பெயரளவிலேயே அயர்லாந்தின் வழித்தோன்றல். அதே ஆண்டு ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நிகழ்ந்தது. பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ இதழில் பணியாற்றிய அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், எழுச்சியாளரைப் போற்றி எழுதியமையால் அவ்விதழிலிருந்து விலக நேர்ந்தது. அயர்லாந்தின் பெயரால் நடந்த இயக்கத்தினுள்ளும் அயர்லாந்தின் கிளர்ச்சிக்கு எல்லை வகுக்கப்பட்டிருந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அவர் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் தாயகத்தில் பெண் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றப் பாடுபட்டார். இந்திய விடுதலைப் போராட்டத்திலும் சிறை புகுந்தார். அயர்லாந்துத் தோழமை என்னும் சொல்லுக்கு முழுத்தகுதி உடையோர் இத்தகையோர்.

ஆனால் அடையாற்றின் தன்னாட்சி, வடசென்னையின் ஆலைத் தொழிலாளரிடம் எதைக் கொண்டுசென்றது? 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ‘நியூ இந்தியா’ அலுவலகத்திற்குச் சென்று பி.பி. வாடியாவை நாடினர், திரு.வி.க. துணைநின்றார். அவ்வளவில் பெசன்ட்டின் வட்டம் தொழிலாளர்க்கு ஒரு வாயிலாயிற்று. எனினும் முதல் அடியை எடுத்துவைத்தவர்கள் பெரம்பூரினரே. மறுபுறம், 1916இல் உருவான நீதிக்கட்சியினர் தன்னாட்சி வந்தால் அது யாருடைய ஆட்சியாக இருக்கும் என்று கேட்டனர். அயர்லாந்திலிருந்து பெறப்பட்ட சொல்லில் அவ்வினாவுக்கு விடை இல்லை.

தமிழிலக்கியம் இவ்விரட்டை நிலையை முன்பே உணர்ந்திருந்தது. அயர்லாந்தில் பிறந்த நிவேதிதைக்குத் தம் ‘சுதேச கீதங்கள்’ நூலை 1908இல் காணிக்கையாக்கிய பாரதியே, 1914இல் ‘பொன்வால் நரி’ என்னும் ஆங்கில அங்கதத்தில் அன்னிபெசன்ட்டை எள்ளினார். பாரதிக்கு அயர்லாந்து என்பது நற்சான்றாகவும் இல்லை, குற்றச்சாட்டாகவும் இல்லை. ஒவ்வொருவரையும் அவரவர் செயலால் அளந்தார். பிற்கால வரலாற்றெழுத்து இத்தெளிவைப் பேணவில்லை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளுக்கு எதிராக ஒரு மறுப்பு எழலாம். கூட், ஸ்பிரிங், கானமாரா பிரபு ஆகியோர் அயர்லாந்தில் ஆதிக்கம் பெற்ற சீர்திருத்தச் சபைச் சமூகத்தினர். ஆகவே அவர்களை அயர்லாந்தினராகக் கொள்வது தகாது எனலாம். அவ்வாறாயின் கத்தோலிக்கராகிய ஆயர்களையும் படைவீரரையும் விளக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட தரப்பினரான அவர்களும் பேரரசின் பின்னலில் இடம்பெற்றனர். லாலியின் தரப்போ கத்தோலிக்கராயினும் வேறொரு பேரரசுக்கே வாளேந்தியது. எனவே சமயமும் பிறப்பும் ஒருவரின் நிலையைத் தீர்மானிக்கவில்லை.

மூன்று வினாக்கள் இதற்கு மாற்றாக அமையலாம். ஒருவர் எந்நிறுவனத்தின் ஆளாக இக்கரைக்கு வந்தார்? அவர் செயலால் யாருக்கு அதிகாரம் கூடியது? அவர் சென்றபின் அவ்விடத்தில் எது எஞ்சியது? இவ்வினாக்கள் மார்கரெட் கசின்சின் பெருமையைக் குறைப்பதில்லை. ஸ்பிரிங்கின் உதவியை மறைப்பதுமில்லை. படகோட்டியின் ஆலயத்தையும் மீனவரின் கரையையும் அதே பக்கத்தில் எழுதச் செய்கின்றன. அயர்லாந்தின் துயர் உண்மை; அத்துயரிலிருந்து வந்தோர் பிறர் துயருக்கும் காரணராக இருந்தமையும் உண்மை. இரண்டையும் ஒருங்கே ஏற்கும்போதுதான் வடசென்னையின் காலனிய வரலாறு அதன் மக்களுக்குரியதாகும்.